நம் ஊர்த் தாவரங்களும் அவற்றின் பெரும் பிரிவுகளும்



நமது ஆயர் தாவார், பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில், சித்தியவானை அடுத்து அமைந்துள்ள சிற்றூராகும். மலாய் மொழியில் 'ஆயர்' என்றால் நீர். 'தாவார்' என்றால் உப்போ இனிப்போ இல்லாதது. ஊரின் பெயரிலேயே நீரைக் கொண்ட நமக்குப் பசுமைக்குப் பஞ்சமில்லை. சுவரில் பாசி, வாய்க்காலோரம் பெரணி, வீட்டு வேலியில் செம்பருத்தி, சாலையின் இருமருங்கிலும் செம்பனை, ஆங்காங்கே எஞ்சி நிற்கும் பால்மரங்கள் என எங்கு நோக்கினும் தாவரங்களே. ஆயினும் இவை அனைத்தும் ஓரினத்தைச் சேர்ந்தவை அல்ல.

அறிவியலார் இதுவரை பெயரிட்டுள்ள தாவர இனங்கள் ஏறத்தாழ நான்கு இலட்சம். அவை ஒவ்வொன்றையும் தனித்தனியே கற்க ஒருவருடைய வாழ்நாள் போதாது. ஆகவே அவற்றைப் பெரும் பிரிவுகளாகப் பகுத்து வைத்துள்ளனர். இப்பிரிவுகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் வெறும் பெயர்கள் அல்ல. ஒரு தாவரம் எப்பிரிவைச் சேர்ந்தது என்று அறிந்தால், அதன் உடல் எவ்வாறு அமைந்துள்ளது, அது எங்கே வாழும், எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பவற்றை நாம் முன்கூட்டியே உணரலாம். பால்மரத்தின் பட்டையை நாள்விட்டு நாள் சீவலாம். செம்பனையை அவ்வாறு சீவ இயலாது. ஏன்? இதற்கு விடை அவற்றின் பிரிவில் இருக்கிறது.

நான்கு வினாக்களைக் கேட்டு இப்பிரிவுகளை நாம் கண்டறிவோம்.

முதல் வினா: நீரைக் கொண்டு செல்லும் குழாய்கள் உண்டா?

நமது உடலில் இரத்தக் குழாய்கள் இருப்பது போலப் பெரும்பாலான தாவரங்களின் உடலில் நுண்ணிய குழாய்கள் உள்ளன. வேர் உறிஞ்சிய நீரை மேலே ஏற்றுவன சில. இலையில் உண்டான உணவைக் கீழே இறக்குவன சில. இக்குழாய்கள் இல்லாத தாவரங்களும் உண்டு. அவையே மிக எளிய தாவரங்கள்.

வயல் வாய்க்காலிலும் குட்டையிலும் பச்சை நூல் போல மிதப்பது நீர்ப்பாசி. இதற்கு வேர், தண்டு, இலை என்ற வேறுபாடே இல்லை. உடல் முழுவதும் நீரில் அமிழ்ந்திருப்பதால் ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டிய நீரைத் தானே உறிஞ்சிக்கொள்கிறது. குழாய்க்குத் தேவை எழவில்லை.

பழைய சுவரிலும், பால்மரத்து அடிப்பட்டையின் நிழல் விழும் பக்கத்திலும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் படர்வதையும் நாம் பாசி என்றே சொல்கிறோம். ஆனால் அது வேறு வகை. தாவர நூல்கள் அதனை மாஸ் என்று குறிக்கின்றன. கையிலெடுத்து உற்றுப் பார்த்தால் மிகச் சிறிய தண்டும் அதைச் சுற்றி இலை போன்ற பகுதிகளும் தெரியும். இது தரைக்கு வந்துவிட்ட தாவரம். ஆயினும் நீரின் துணையை முற்றும் விடாத தாவரம். உண்மையான வேர் இல்லை. குழாய் அமைப்பும் முழுமை பெறவில்லை. ஆகவே இது உயர்ந்து வளர முடியாது. உலகிலேயே மிக உயரமாக வளரும் மாஸ் இனம்கூட ஏறத்தாழ அரை மீட்டர் உயரமே எட்டுகிறது. மேலும் இது இனம் பெருக்குவதற்கு ஈரம் வேண்டும். மழைநீர் படிந்த மெல்லிய படலத்தில் ஆண் அணுக்கள் நீந்திச் சென்று பெண் அணுவைச் சேர்கின்றன. வெயில் காய்ந்த சுவரில் மாஸ் கருகுவதும், மழை பெய்ததும் மீண்டும் பசுமை கொள்வதும் நாம் அன்றாடம் காணும் காட்சியே.

இங்கே காளானைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். பட்டுப்போன பால்மரக் கட்டையில் குடை விரிக்கும் காளானை முற்காலப் பாடநூல்கள் தாவரங்களோடு சேர்த்திருந்தன. காளானுக்குப் பச்சையம் இல்லை. அது தன் உணவைத் தானே சமைக்காது. 1969ஆம் ஆண்டில் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பகுத்தபோது காளான்களுக்குத் தனி இடம் தந்தார். இன்று காளான் தாவரம் அன்று என்பதே அறிவியலாரின் முடிவு.

இரண்டாம் வினா: விதை உண்டா?

குழாய் பெற்ற தாவரங்களுள் விதை இல்லாதவை உண்டு. அவற்றுள் நாம் நன்கறிந்தது பெரணி. நம் ஊரில் பெரணியைத் தேடி அலைய வேண்டியதில்லை. முதிர்ந்த செம்பனையின் அடிமரத்தைப் பாருங்கள். வெட்டப்பட்ட மட்டைகளின் அடிப்பாகத்தில் தூசும் மக்கும் சேர்ந்திருக்கும். அதில் வேரூன்றி, மரத்துக்குப் பச்சைச் சட்டை அணிவித்தாற்போல் பெரணிகள் தொங்கும். அவை செம்பனையின் சாற்றை உறிஞ்சுவதில்லை. இடம் மட்டுமே கேட்டுக் குடியிருக்கின்றன. சந்தையில் கட்டுக்கட்டாக விற்கப்படும் 'பூச்சோக் பாக்கு' என்னும் கீரையும் பெரணியின் இளந்தளிரே. பெரணியின் இளம் இலை வண்டிச் சக்கரம் போலச் சுருண்டிருந்து பின்னர் விரிவது அதன் தனி அடையாளம்.

பெரணி இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் புள்ளிகள் வரிசையாகக் காணப்படும். அவை பூச்சி முட்டைகள் அல்ல. ஒவ்வொரு புள்ளியிலும் சிதல் எனப்படும் மிக நுண்ணிய தூள் நிறைந்துள்ளது. அத்தூள் காற்றில் பறந்து ஈரமண்ணில் விழுந்தால் முளைக்கும். முளைப்பது நேராகப் பெரணி அன்று. நகத்தளவே உள்ள, இதய வடிவமான மெல்லிய பச்சைத் தகடு. அத்தகட்டின் மேல் நீர் படிந்திருக்கும்போது கருவுற்று, அதன் பின்னரே புதிய பெரணி எழுகிறது. ஆக, பெரணி குழாய் பெற்றதால் மாஸைவிட உயர்ந்து வளர்கிறது. மலைக்காடுகளில் மரம் போல வளரும் பெரணிகளும் உள்ளன. ஆனால் இனம் பெருக்கும் வேளையில் அதற்கும் ஈரம் வேண்டியிருக்கிறது. செம்பனை நிழலும் வாய்க்கால் ஓரமும் அதற்கு உகந்த இடமாவது இதனாலேயே.

சிதலுக்கும் விதைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் தெளிவாக அறிய வேண்டும். சிதல் கட்டுச்சோறு இல்லாமல் வழிநடப்பவனைப் போன்றது. விதையோ, உள்ளே குட்டிச் செடி, அதற்கு வேண்டிய உணவு, வெளியே காக்கும் உறை என மூன்றையும் கொண்டு புறப்படுவது. விதைத் தாவரங்களில் ஆண் அணு நீந்திச் செல்ல வெளி ஈரம் தேவையில்லை. மகரந்தத் தூளாகக் காற்றிலோ பூச்சியின் மீதோ ஏறிச் செல்கிறது. நீரின் பிடியிலிருந்து தாவர உலகம் பெற்ற விடுதலை இதுவே எனலாம்.

மூன்றாம் வினா: விதை மூடியுள்ளதா, திறந்துள்ளதா?

விதைத் தாவரங்கள் இருவகைப்படும். காயோ கனியோ இன்றி, விதை வெறுமையாக அமைந்திருப்பவை திறந்தவிதைத் தாவரங்கள். பூத்து, காய்த்து, காயின் உள்ளே விதையைப் பொதிந்து வைப்பவை மூடியவிதைத் தாவரங்கள். இவையே பூக்கும் தாவரங்கள்.

குளிர்நாடுகளின் பைன் மரங்கள் திறந்தவிதைத் தாவரங்களுக்கு எடுத்துக்காட்டு என்று நூல்கள் கூறும். நம் நாட்டிலும் எடுத்துக்காட்டுகள் உள. அழகுக்காக வீட்டு முற்றங்களில் வளர்க்கப்படும் சைக்கஸ் அவற்றுள் ஒன்று. மலாய் மொழியில் அதனைப் 'பாக்கிஸ் ஹாஜி' என்பர். பாக்கிஸ் என்றால் பெரணி. பெயரோ பெரணி; தோற்றமோ குட்டைப் பனை; உண்மையில் இரண்டும் அன்று! கடைகளில் நாம் வாங்கி உண்ணும் எம்பிங் என்னும் நொறுவல், பெலிஞ்சாவ் மரத்தின் விதையைத் தட்டையாக்கிப் பொரித்தது. பெலிஞ்சாவின் சிவந்த 'பழம்' உண்மையில் பழமே அன்று. விதையின் மேலுறைதான் அவ்வாறு சிவக்கிறது. அம்மரமும் திறந்தவிதைத் தாவரமே.

இதற்கு மாறான ஏமாற்றமும் உண்டு. நம் நாட்டுக் கடற்கரைகளில் நிற்கும் சவுக்கு மரத்தை மலாய்க்காரர் 'ரூ' என்பர். ஊசி போன்ற பச்சைக் குச்சிகளும், சிறு கூம்பு போன்ற காய்களும் கொண்டு அது பைன் போலவே தோன்றும். ஆனால் அது பூக்கும் தாவரம். தோற்றத்தை மட்டும் கண்டு பிரித்தல் கூடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

திறந்தவிதைத் தாவரங்கள் உலகில் ஏறத்தாழ 1,000 இனங்களே. பூக்கும் தாவரங்களோ ஏறத்தாழ 3 இலட்சம் இனங்கள். பூவும் காயும் தந்த வலிமையே இப்பெருக்கத்துக்குக் காரணம். பூ, பூச்சியை அழைக்கிறது; காய், விதையைக் காத்துத் தொலைவில் சேர்க்கிறது. பால்மரத்தின் காயை எடுத்துக்கொள்வோம். மூன்று அறைகளில் மூன்று விதைகளைப் பூட்டி வைத்திருக்கும் அக்காய், முற்றிக் காய்ந்தபின் கடும் வெயிலில் 'பட்'டென்று வெடித்து விதைகளைப் பல மீட்டர் தொலைவுக்கு எறிகிறது. அலையாத்தி மரமோ விதையை மரத்திலேயே முளைக்க வைத்து, நீண்ட நாற்றாக வளர்த்த பின்னரே சேற்றில் விழவிடுகிறது. நமது மாநிலத்தின் மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர் பரப்புடையது. அது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே திட்டமிட்டுப் பேணப்பட்டு வருகிறது. கோப்பேங் அருகிலுள்ள காடுகளில் மலரும் ரஃப்லேசியாவுக்கு இலையும் இல்லை, தண்டும் இல்லை. காட்டுக் கொடி ஒன்றின் உணவை உறிஞ்சி வாழும் அது, வெளியே காட்டுவது பூ ஒன்றை மட்டுமே. அந்தப் பூவே அதன் பிரிவை நமக்கு உணர்த்துகிறது.

நான்காம் வினா: வித்திலை ஒன்றா, இரண்டா?

ஊறவைத்த கடலையைப் பிதுக்கினால் இரு பாதிகளாகப் பிரிகிறது. அப்பாதிகளே வித்திலைகள். சோள விதை அவ்வாறு பிரிவதில்லை. அதற்கு ஒரே வித்திலை. இவ்வேறுபாட்டைக் கொண்டு பூக்கும் தாவரங்களை ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் எனப் பிரித்தனர். ஐரோப்பாவில் ஜான் ரே என்னும் ஆங்கில அறிஞர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதனை விளக்கினார். இக்கால ஆய்வாளர் மிளகு, கறுவா முதலிய சிலவற்றைத் தனிக் குழுவாக வைப்பினும், நமது தொடக்கக் கல்விக்கு இப்பகுப்பே போதுமானது.

வித்திலையைக் காண விதையை உடைக்க வேண்டும். உடைக்காமலே அறியவும் வழியுண்டு. இலை நரம்புகள் வலைபோலப் பின்னியிருப்பின் அது பெரும்பாலும் இருவித்திலைத் தாவரம்; இணைகோடுகளாக ஓடினால் ஒருவித்திலைத் தாவரம். இதழ்கள் நான்கு அல்லது ஐந்தாக அமைவது முன்னதன் இயல்பு. மூன்று மூன்றாக அமைவது பின்னதன் இயல்பு. 1960இல் நமது தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்திக்கு ஐந்து இதழ்கள். இலையிலும் வலைப்பின்னல் நரம்புகள். எனவே அது இருவித்திலைத் தாவரம். ஆணிவேர் உடையது முன்னது. சல்லிவேர் உடையது பின்னது.

தமிழ் மாணவராகிய நாம் பெருமையுடன் அறிய வேண்டிய செய்தி ஒன்று இங்குண்டு. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் கொண்டதை மரம் என்றும், புறத்தே வயிரம் கொண்டதைப் புல் என்றும் பிரிக்கிறது. அதன்படி பனையும் தென்னையும் கமுகும் மரமல்ல, புல்லே! இன்று வித்திலையை எண்ணிப் பார்த்தாலும் அவை நெல், மூங்கில், லாலான் புல் ஆகியவற்றோடு ஒருவித்திலைப் பிரிவில்தான் அமைகின்றன. ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை என்னும் சொற்களைப் புல்லுக்கும், இலை, தளிர், அரும்பு முதலியவற்றை மரத்துக்கும் உரியனவாக அந்நூல் வகுத்துள்ளது. தென்னையின் ஓலை, கமுகின் பாளை, செம்பனையின் குலை என்று நாம் சொல்லும்போதும், மாந்தளிர், பால்மர இலை என்று சொல்லும்போதும் அந்தப் பகுப்பே நம் நாவில் இன்றும் வாழ்கிறது. 'வாழை இலை' போன்ற விலக்குகள் சிலவே. முருங்கை போல உள்ளும் புறமும் மென்மையான மரங்களும் இருப்பதால், இப்பழம் பகுப்பும் இன்றைய பகுப்பும் முற்றும் ஒன்றல்ல. எனினும் கருவிகள் இல்லாத காலத்தில் கூர்ந்த கண்களால் கண்ட உண்மை இது.

பால்மரமும் செம்பனையும்

இப்போது நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். பால்மரம் இருவித்திலைத் தாவரம். செம்பனை ஒருவித்திலைத் தாவரம்.

பால்மரத்தின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளர்படை என்னும் மெல்லிய அடுக்கு உள்ளது. உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் ஓயாமல் உண்டாக்குவது அதுவே. பால் ஓடும் நுண்குழல்கள் பட்டையில் உள்ளன. ஆகவே திறமை வாய்ந்த பால்வெட்டுத் தொழிலாளி, கத்தியை வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரை கொண்டு சென்று அதனைத் தொடாமல் நிறுத்துவார். வளர்படை பிழைத்தால் புதுப்பட்டை வளரும். சில ஆண்டுகளுக்குப் பின் அதே இடத்தில் மீண்டும் வெட்டலாம். கத்தி ஆழப் பதிந்தால் மரம் காயமுற்று, அவ்விடம் முண்டும் முடிச்சுமாகிவிடும். விடியற்காலையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்போது பால் நன்கு வடியும். நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் நெற்றி விளக்குடன் இருளிலே புறப்பட்டதற்குக் காரணம் இதுவே.

பால்மரம் பிரேசில் நாட்டுக்குரியது. 1876இல் ஹென்றி விக்கம் என்பார் அங்கிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனுக்குக் கொண்டு சென்றார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில நமது மாநிலத்தின் கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்தைச் சேர்ந்த முதிய மரமொன்று இன்றும் அங்கே போற்றப்படுகிறது. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சிறிது சிறிதாகச் சீவும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி 1890களில் வகுத்தார். வளர்படை இருப்பதால் ஒட்டுக்கட்டவும் முடிகிறது. நல்ல மரத்தின் மொட்டை வேறு கன்றின் பட்டைக்குள் பொருத்தினால் இரண்டின் வளர்படையும் இணைந்துவிடும். 1925இல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டுமரங்கள் அனைத்தும் ஒரே தாய்மரத்தின் வழிவந்தவை.

செம்பனையில் இந்த வளர்படை இல்லை. அதன் குழாய்கள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. விளிம்பில் நெருக்கமாகவும் நடுவில் அரிதாகவும் உள்ளன. எனவே புறம் வலியது, உள் மெலியது. அதன் உடலில் பட்ட காயம் புதுப்பட்டையால் மூடாது. ஒட்டுக்கட்டவும் இயலாது. அதற்கு வளரும் இடம் ஒன்றே ஒன்று: உச்சியிலுள்ள குருத்து. குருத்தின் அடியிலுள்ள வளர்முனை அழிந்தால் மரம் இறந்துவிடும். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைப்பதைக் கண்டு தோட்டத்தார் அஞ்சுவது இதனாலேயே. மூப்படைந்த பால்மரத்தை அறுத்து மேசை நாற்காலி செய்ய முடிவதும், மூத்த செம்பனைத் தண்டு பெரும்பாலும் தோட்டத்திலேயே மக்கவிடப்படுவதும் இதே காரணத்தால்தான்.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. நம் நாட்டில் அதனை வணிகப் பயிராக முதன்முதலில் 1917இல் சிலாங்கூரின் தென்னமாராம் தோட்டத்தில் நட்டனர். அதன் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றுகின்றன. மகரந்தம் சேர்க்கத் தக்க பூச்சி இங்கே இல்லாமையால், பல தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகச் சென்று மகரந்தத் தூளைப் பெண் பூவில் தூவி வந்தனர். 1981இல் கெமரூன் நாட்டிலிருந்து கொணர்ந்த ஒரு சிறு வண்டினம் ஜொகூரில் விடப்பட்டது. அவ்வண்டு விரைவில் நாடெங்கும் பரவி, மனிதர் கைகளால் செய்துவந்த வேலையைத் தானே செய்யத் தொடங்கியது.

நினைவில் கொள்வோம்

1. நீர்ப்பாசி: வேர், தண்டு, இலை இல்லை; குழாய் இல்லை.
2. மாஸ்: சிறு தண்டு உண்டு, உண்மை வேரும் முழுமையான குழாயும் இல்லை, சிதலால் பெருகும்.
3. பெரணி: குழாய் உண்டு, விதை இல்லை, சிதலால் பெருகும்.
4. திறந்தவிதைத் தாவரம்: குழாயும் விதையும் உண்டு, பூவும் காயும் இல்லை.
5. பூக்கும் தாவரம்: குழாய், விதை, பூ, காய் நான்கும் உண்டு. இது ஒருவித்திலை, இருவித்திலை என இருவகைப்படும்.

செய்து பார்ப்போம்

1. கடலையையும் சோளத்தையும் ஈரப் பஞ்சில் முளைக்க வைத்து, ஒரு வாரம் நாள்தோறும் படம் வரைக.
2. முதிர்ந்த பெரணி இலையை வெள்ளைத் தாளின்மேல் புள்ளிகள் கீழ்நோக்கி இருக்குமாறு ஓரிரவு வைத்திடுக. மறுநாள் தாளில் படிந்திருப்பது என்ன என்று எழுதுக.
3. பள்ளி வளாகத்தில் பத்து இலைகளைத் திரட்டி, நரம்பமைப்பைக் கொண்டு இரு குழுக்களாகப் பிரித்திடுக. உதிர்ந்த இலைகளையே எடுத்தல் வேண்டும்.
4. தோட்டத்தில் பணிசெய்த பெரியவர் ஒருவரிடம், பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் செல்லலாம் என்பதை எப்படி அறிந்தார் என்று கேட்டு எழுதி வருக.

மேற்கண்டவற்றுள் நான்காவதே மிக முக்கியமானது. வளர்படை என்னும் சொல்லை அறியாமலே அதனைக் காத்த கைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. பால்மரங்கள் குறைந்து, தோட்டத்து மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவரும் இந்நாளில், அக்கைகளின் அறிவு எழுதப்படாமல் போனால் மீண்டும் கிடைப்பது அரிது. நூல் தரும் அறிவையும் நம் முன்னோரின் தொழில் தந்த அறிவையும் ஒருங்கே கற்று, நம் ஊரின் ஒவ்வொரு செடியையும் பெயர் சொல்லி அழைக்கும் மாணவராய் நாம் விளங்குவோமாக.